பனிப்புகை வழக்கு

மார்கழி, வியாழன் இரவு.

நான் பீடியை விட்ட வீரத்தைப் பார்த்துச் சேர்வராயன் மலையே அசந்து நிற்கிறது. ஆனாலும் காலையில் ஒண்டிக்கடை முக்கில் என் வாயில் புகை வந்ததாக, என் மகளிடம் டீக்கடைக்காரர் வத்தி வைத்துவிட்டார். பீடி குடித்தால் பேரனைத் தொடவே விடமாட்டேன் என்றவள் அவள்.

"ஏனுங்கப்பா, மறுபடியும் ஊதறீங்களா?"

"அது குளுருக்கு வர்ற ஆவி, கண்ணு!"

வாசலில் நின்று ஊதிக் காட்டினேன். ரயில் எஞ்சின் தோற்றது. அவள் நம்பவில்லை. அப்போது அவள் இடுப்பிலிருந்த பேரன் கொட்டாவி விட்டான். குட்டிப் புகை கிளம்பியது.

"பாரு, உம்மவன் நொம்ப நாளா குடிக்கறான் போல!"

சிரித்துக்கொண்டே பேரனைக் கொடுத்துவிட்டாள். அவனை வைத்திருந்த வரை பீடி நினைப்பே இல்லை. இப்போது அவன் தூங்குகிறான். கை சும்மா இருக்கக்கூடாதென்று பேனாவைப் பிடித்திருக்கிறேன். மை தீர்வதற்குள் தூக்கம் வந்தால் சரி.