பழுப்பு ஸ்வெட்டரின் முழங்கை

மார்ச் 2

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்பி நேராகத் திட்டுக்கு வருகிறேன். பார்சல் வந்தது. குளிர் முடிந்ததும் அண்ணனுடைய ஸ்வெட்டர்களை நீங்கள் துவைத்து அனுப்புகிறீர்கள், நான் கிழிசல் தைத்துத் திருப்பி அனுப்புகிறேன். பதினொரு வருடமாக நான் சொல்வதும் ஒன்றுதான், நீங்கள் செய்வதும் ஒன்றுதான். கையால் பின்னியதைப் பிழியக் கூடாது. கொடியில் தொங்கவிடக் கூடாது. துண்டில் சுருட்டி அமுக்கி, கட்டிலில் பரப்பிக் காயவைக்க வேண்டும். பழுப்பு ஸ்வெட்டரின் கை இப்போது முழங்காலைத் தொடுகிறது. அண்ணன் என்ன, மரத்துக்கு மரம் தாவப் போகிறாரா?

மற்றதெல்லாம் கோபம் ஆறியபின் பார்க்கிறேன்.

உங்கள் நாத்தனார்

மார்ச் 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

வேலை முடிந்து வந்து, இடுப்பு ஒடிய நாலையும் அலசினால், வருவது உன் வசவு. ஈரத்தில் ஒவ்வொன்றும் ஒரு ஆள் கனம் கனக்கிறது. வீட்டில் இருப்பது ஒரே கட்டில். அதில் உன் ஸ்வெட்டர் படுத்தால் நான் எங்கே படுப்பது?

உன் அண்ணனுக்கு நாலு பின்னினாய். எனக்கு ஒன்று உண்டா? துவைக்க மட்டும் நான். கடையில் வாங்கியதை எவ்வளவு முறுக்கினாலும் யாரும் திட்டிக் கடிதம் எழுதுவதில்லை.

அண்ணி

மார்ச் 15

அன்புள்ள அண்ணிக்கு,

பதிலடி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் தைத்து முடித்துவிடலாம் என்று ஊசியை எடுத்தால், தைக்க ஒன்றுமே இல்லை.

அண்ணன் கடிகாரம் பழுது பார்க்கிறவர். நாள் முழுக்க மேஜையில் முழங்கையை ஊன்றியபடி இருப்பார். வருடா வருடம் வலது முழங்கை சல்லடையாகத்தான் வரும். போன வருடம் பழுப்பில் நான் போட்ட தையல் இன்னும் புதுசாக இருக்கிறது. மற்ற மூன்றும் அப்படியே. இந்தக் குளிருக்கு அவர் எதையும் போடவில்லை. போடாததை ஏன் துவைத்தீர்கள்? ‘நாங்கள்’ என்றுகூட இல்லை, ‘நான் எங்கே படுப்பது’ என்று வேறு எழுதியிருக்கிறீர்கள்.

அண்ணி, அண்ணன் எங்கே?

நாத்தனார்

மார்ச் 22

போய்விட்டார். குளிர் தொடங்கிய வாரமே. அவருடைய கடிகாரக் கடைக்கு அடுத்த தெருவில் வேறு ஒருத்தியோடு இருக்கிறார். “கொஞ்ச நாளைக்கு யார்கிட்டயும் சொல்லாதே”ன்னு சொல்லிவிட்டுப் போனார். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன், மடச்சி.

ஸ்வெட்டர்கள் பெட்டியில் கிடந்தன. பார்சல் வராவிட்டால் நீ கேட்பாய். அதனால் அழுக்கே இல்லாததை ஊறவைத்தேன். இருந்த ஆத்திரத்தையெல்லாம் கூட்டி முறுக்கினேன். இந்த வருடம் மறந்துபோய்ப் பிழிந்ததல்ல, வேண்டுமென்றே பிழிந்தது.

அவர் இல்லாதது பழகிவிட்டது. ஆனால் அவர் போனதால் நீயும் போய்விடுவாயோ என்றுதான் பயமாக இருக்கிறது. என்னைத் திட்டுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்? இனி நான் உனக்கு என்ன முறை என்று தெரியவில்லை. அதனால் கையெழுத்துப் போடவில்லை.

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணிக்கு,

என்ன முறை என்று சந்தேகம் கேட்டதற்கே உங்களை நன்றாகத் திட்ட வேண்டும்.

அண்ணனுக்குக் கடை முகவரியில் நாலு பக்கம் எழுதினேன். பதிலுக்கு ஒரு வரி வந்தது: “ஸ்வெட்டர்களை இந்த முகவரிக்கு அனுப்பு.” மூன்றை அனுப்பிவிட்டேன். நீங்கள் பிழிந்த கோலத்திலேயே, ஒரு அந்துருண்டைகூடப் போடாமல். மிச்சத்தைப் பூச்சி பார்த்துக்கொள்ளும்.

பழுப்பைப் பிரித்துவிட்டேன். நூலை அலசி, சுருக்கமெல்லாம் போகக் காயவைத்திருக்கிறேன். பதினொரு வருடமாக உங்கள் அளவு என்னிடம் இல்லை. கேட்காதது என் தப்பு, சாக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. தோள், மார்பு, கை நீளம் மூன்றையும் அளந்து எழுதுங்கள். கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

இதையாவது பிழியாதீர்கள்.

உங்கள் நாத்தனார்

ஏப்ரல் 9

அன்புள்ள நாத்தனாருக்கு,

தோள் பதினைந்து அங்குலம். மார்பு முப்பத்தெட்டு. கை இருபத்திரண்டு. பிடித்துக்கொள்ள ஆளில்லாமல் நாடாவின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அளந்தேன். அரை அங்குலம் முன்னே பின்னே இருக்கும், அதற்கும் ஒரு பாட்டுப் பாடாதே.

கழுத்து உயரமாக வேண்டாம், குத்தும். பழுப்பு எனக்குப் பிடிக்காத நிறம். இருந்தாலும் பின்னு.

கட்டிலில் இப்போது பாதி காலிதான். அதில் பரப்பிக் காயவைக்கிறேன்.

அண்ணி