என் ஊரில் நான் வெளிநாட்டுக்காரி

1953 ஜனவரி 11, ஞாயிறு

தேவாலயத்துக்கு வெளியே அண்ணன் யாக்கோப் செய்தித்தாளை நீட்டினான். வெளிநாட்டானைக் கட்டிக்கொண்டு குடியுரிமை இழந்த சுவிஸ் பெண்கள் இந்த ஆண்டுக்குள் கேட்டால் திருப்பித் தருவார்களாம். கேட்டால்! பிடுங்கிக்கொண்டவனிடமே போய்க் கை கட்டி நிற்க வேண்டும். ஒத்தாவியோ மோதிரம் போட்ட அன்றே நான் இத்தாலிக்காரி ஆகிவிட்டேன். இத்தாலியை இன்றுவரை கண்ணால் கண்டதில்லை.

"எழுதிக் கேளு வ்ரேனி."

"மாட்டேன், போ."

மார்ச் 3

நெசவாலையில் ஆள் குறைப்பு. முதலில் இத்தாலியர்கள். ஒத்தாவியோவுக்கு வேலை போய்விட்டது, கூடவே இங்கே இருப்பதற்கான அனுமதியும். ஆண்டு முடிவதற்குள் குடும்பத்தோடு வெளியேற வேண்டுமாம். குடும்பம் என்றால் நானும், ஏழு வயது லொரெத்தாவும். நான் எங்கே வெளியேறுவது? என் அப்பனைப் புதைத்த மண் இது.

ரோஷத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுதிக் கேட்டுவிட்டேன். நான் சுவிஸ்காரி ஆனால் இவர்களும் என்னோடு இருக்கலாம் இல்லையா? இருக்கத்தான் வேண்டும்.

ஏப்ரல் 22

நான் தகுதியானவளா என்று விசாரிக்கப் போலீஸ் ஹைனி வந்தான். ஹைனி! பள்ளியில் என் கணக்கைப் பார்த்து எழுதியே தேறியவன். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என் சமையலறையில் உட்கார்ந்து கேட்கிறான்:

"இந்த ஊர்ல எத்தனை வருஷமா இருக்கே?"

"உன்னைவிட நாலு மாசம் கூட."

"விளையாடாத வ்ரேனி, நான் கேட்டுத்தான் ஆகணும். வீட்ல என்ன பேசுறீங்க? என்ன சாப்பிடுறீங்க?"

அடுப்பில் இத்தாலியச் சோளக்களி வெந்துகொண்டிருந்தது, ஒத்தாவியோவுக்குப் பிடித்தது. ஒரு தட்டில் போட்டு அவன் முன்னால் வைத்தேன். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டு நேராகப் பக்கத்து வீட்டுக்குப் போய், என் நடத்தை எப்படி என்று கேட்டிருக்கிறான்.

ஆகஸ்ட் 1

தேசிய நாள். எல்லாப் பிள்ளைகளோடும் லொரெத்தாவும் காகித விளக்கு ஏந்திப் போனாள். திரும்பி வந்து கேட்டாள்: "நாம எப்பம்மா சுவிஸ் ஆவோம்? பசங்க கேலி பண்றாங்க." சீக்கிரம் என்று சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 9

கிடைத்துவிட்டது. ஹைனியே வந்து சொன்னான், கையைப் பிடித்துக் குலுக்கினான். அண்ணன் ஒயின் புட்டியோடு ஓடி வந்தான்.

"பாத்தியா? நம்ம பொண்ணை நாம விட்டுக்கொடுப்போமா?"

"அப்போ இவங்க ரெண்டு பேரும்?"

ஹைனி ஒத்தாவியோவைப் பார்க்காமல் சொன்னான்: "அவங்க இத்தாலிக்காரங்கதானே. பிள்ளை அப்பன் வழி. அவங்க கிளம்பணும். நீ தாராளமா இருக்கலாம்."

நீ தாராளமா இருக்கலாம்! என்ன ஜென்மங்கடா நீங்க? நான் பெத்த பிள்ளை எனக்கு வெளிநாட்டுக்காரியா? இதுக்கா நாயாப் பேயா அலைஞ்சேன்? ஒயினைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன்.

"இனிமே நம்ம கட்டில் நடுவுலயும் ஒரு சோதனைச் சாவடி போட்டுடலாம்," என்றான் ஒத்தாவியோ. அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 30

சூரிக் வரை போய்க் கேட்டேன். சட்டம் அப்படித்தானாம். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது.

நவம்பர் 17

அண்ணன் யோசனை சொல்கிறான். நான் இங்கேயே இருக்கலாமாம், கோடை விடுமுறைக்குப் பிள்ளையை வரவழைத்துக்கொள்ளலாமாம். "இத்தனை கஷ்டப்பட்டு வாங்கினதை வீணாக்காதே."

அவனோடு பேச்சில்லை.

டிசம்பர் 28, இரவு, கோமோ, இத்தாலி

மதியம் கியாஸ்ஸோவில் எல்லைச் சோதனை. எங்கள் முறை வருமுன்னே ஒரு சுவிஸ் அதிகாரி என் புதுக் கடவுச்சீட்டைப் பார்த்துவிட்டார்.

"நம்ம நாட்டுக்காரங்களுக்கு அந்த வாசல், அம்மா. இந்த வரிசையில நீங்க நிக்க வேண்டாம்."

கல்யாணம் ஆனதிலிருந்து ஒரு அதிகாரியும் என்னிடம் இவ்வளவு கனிவாகப் பேசியதில்லை. லொரெத்தா என் பாவாடையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அந்தப் பக்கம் போகணுமாம்மா?"

"இல்லடி. வரிசை நகருது பாரு, நட."