துணித்தொட்டியில் பதினோரு ஜோடி

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நானும் அப்பாவும் வேளைக்குப் பசித்துச் சாப்பிட்டு நலமாக இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். முட்டிவலி பரவாயில்லை, மாடிப்படி மட்டும்தான் என்னோடு இன்னும் ராசியாகவில்லை. சமையலறைக்கு வெள்ளையடித்தவன் ஜன்னல் கண்ணாடிக்கும் சேர்த்து அடித்துவிட்டுப் போய்விட்டான், இரண்டு நாளாகச் சுரண்டுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆட்சியையே கவிழ்த்த அந்தப் பெரிய ஊர்வலத்தன்று நம் வீட்டில் என்ன நடந்தது என்று மாதக் கடைசியில் பேத்தி வகுப்பில் எழுந்து நின்று வாசிக்க வேண்டுமாமே, அதற்கு அப்பா போனில், தான் முன்வரிசையில் கொடி பிடித்துப் போனதாகவும் தாடையில் அடி வாங்கியதாகவும் அளந்துவிட்டிருக்கிறார். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த எனக்குக் கையே ஓடவில்லை. அன்றைக்கு அவர் கண்டக்டர் வேலைக்கும் போகவில்லை, ஊர்வலத்துக்கும் போகவில்லை. பொன்னுக்கு வீங்கி வந்து, கன்னம் இரண்டும் பூசணிக்காய் மாதிரி ஆகி, தாடையைத் துண்டால் கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தார். என் வீட்டுக்கணக்கு நோட்டில் தேதியோடு இருக்கிறது. எழுத்தே நானாகக் கூட்டிக் கூட்டிக் கற்றது, அதில் பொய் எழுத எனக்கு வராது.

நடந்தது இதுதான். நீ வயிற்றில் ஆறு மாதம். தடியடி என்று கூட்டம் சிதறி நம் சந்துக்குள் ஓடி வந்தது, கதவைத் திறந்தேன், பதினோரு பேர். உயிருக்குப் பயந்து வந்தவர்களை வாசலில் நிறுத்தி, உள்ள சாமி படம் இருக்கு, செருப்பைக் கழட்டிட்டு வாங்க என்றவள் நான், சிரிக்காதே. வாசலில் அத்தனை செருப்பு கிடந்தால் போலீஸுக்குப் பலகை எழுதி மாட்டியது மாதிரி என்று பிறகுதான் உறைத்தது, அள்ளித் துணி துவைக்கிற தொட்டியில் போட்டு ஈரத்துணியால் மூடினேன். வந்தவர்கள் தாடைக் கட்டோடு கிடந்த அப்பாவைப் பார்த்து, அண்ணே, உங்களையும் அடிச்சுட்டாங்களா என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். வாயைத் திறக்க முடியாதவர் என்ன செய்வார், தலையை ஆட்டினார். அந்த ஆட்டல்தான் நாற்பத்திரண்டு வருஷத்தில் முன்வரிசைக் கொடியாக வளர்ந்திருக்கிறது.

சந்து அடங்கியதும் ஒவ்வொருவராகப் பின்கதவு வழியாகப் போனார்கள். செருப்பு வந்தது பதினோரு ஜோடி, போனது பத்து என்று அன்றே எழுதி வைத்தேன். இடது வாரில் ஊக்கு குத்திய ஒரு ஜோடி தொட்டியிலேயே தங்கிவிட்டது. யாரோ ஒருவன் அந்தக் கலவரத்தில் வெறுங்காலோடு போயிருக்கிறான், என்ன ஆனானோ, முகம்கூட நினைவில்லை. கழற்றச் சொன்னவள் நான். செருப்பைத் தாளில் சுற்றிப் பரணில் வைத்தேன், தினமும் சாமி கும்பிடும்போது அந்தக் காலுக்கும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

நேற்றுக் காலை நோட்டை அப்பா முன்னால் விரித்தேன். சின்னப்பிள்ளைகிட்ட ஒரு கொடி பிடிச்சதுக்கு இவ்வளவு விசாரணையாடி என்று முறுக்கிக்கொண்டார். கண்ணாடியைப் போட்டுப் படித்தவர் கடைசி வரியில் நின்றுவிட்டார், இத்தனை வருஷமாக அதை நான் அவரிடம் சொன்னதில்லை. பத்துதான் போச்சா என்று இரண்டு தடவை கேட்டார். மிச்ச ஜோடி பரணில் இருக்கிறது என்றதும், நான் தடுத்தும் கேளாமல் ஸ்டூல் போட்டு ஏறி, எடுத்துப் பிரித்து, ஊக்கைத் தொட்டுப் பார்த்தார். என்னைப் பத்தி வேணாம், இதை எழுதச் சொல்லு, பேரு தெரியாட்டியும் பரவாயில்ல என்றார். கொஞ்ச நேரம் கழித்து வந்து, அந்தப் பொன்னுக்கு வீங்கியை மட்டும் விட்டுடச் சொல்லேன் என்று கெஞ்சினார். அதை நீயும் பேத்தியும் பார்த்து முடிவு செய்யுங்கள்.

செருப்பு மறுபடி பரணுக்குப் போகவில்லை. துடைத்து, வாசலில் தன் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நானும் எடுக்கச் சொல்லவில்லை.

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. பேத்தி வாசித்த தாளை மறக்காமல் அனுப்பு. மூன்று பேரும் குறையில்லாமல் நீடூழி வாழ வேண்டும்.

என்றும் உங்கள் நினைவாகவே இருக்கும்,
அம்மா