முளைக்காத பல்

ஐப்பசி 9, திங்கள்

விடாத மழை. விடுதிக் கொடியில் துணி மூன்று நாளாக ஈரம். என் ஆய்வுக்கான தாடை எக்ஸ்ரேக்களை, எல்லாம் இளவயதுக்காரர்களுடையவை, முதலிலிருந்து எண்ண வேண்டுமாம். நான் ‘கூடுதல் பல்’ என்று குறித்தது ஒரு பையனுடைய கடுக்கனின் நிழல். படம் எடுத்தவர் கழற்றச் சொல்லவில்லை. திட்டு எனக்கு.

வழிகாட்டி மேடம்: “பல்லுக்கும் கடுக்கனுக்கும் வித்தியாசம் தெரியாமயா பல் டாக்டராகப் போற?”

ஐப்பசி 10, செவ்வாய்

மழை. கரண்ட் இரண்டு முறை போனது. சேமிக்காத பட்டியலும் போச்சு. மறுபடி.

இன்று கண்ணில் பட்டவை: பிறவியிலேயே முளைக்காத பல், எலும்புக்குள் படுத்துக் கிடக்கும் கோரைப்பல், வளைந்த வேர். ஒரே பெண்ணுக்கு இரண்டு கோளாறு. இத்தனை பேருக்கா? வலிக்காததால் யாருக்கும் தெரிவதில்லை. சாப்பிடும்போது அறைத்தோழி ஜெனிஃபர்: “என் வாயையே பாக்காதடி. சோறு இறங்கல.”

ஐப்பசி 11, புதன்

புறநோயாளி டூட்டி. மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர், மகள் கயல்விழியோடு. வயது பதினாறு. மேல் முன்பல்லுக்குப் பக்கத்தில் ஒரு பல் இல்லை, ஓட்டை. கையால் வாயை மூடிக்கொண்டே பேசுகிறாள்.

அப்பா: “என் தம்பி பண்ண வேலைங்க. அஞ்சு வருசத்துக்கு முன்னாடி பைக்ல கூட்டிட்டுப் போயி கீழ போட்டான். பல்லு போச்சு. அன்னைலேருந்து அவனோட பேச்சு கிடையாது.”

எக்ஸ்ரே. அன்று விழுந்தது பால்பல். அதற்கு மேலே எலும்புக்குள் நிரந்தரப் பல் உருவாகவே இல்லை. மறுபக்கமும் அப்படியே, பால்பல்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சொன்னேன். “பைக்ல போகாட்டியும் அந்தப் பல் ஒருநாள் விழுந்திருக்கும். வேற பல் முளைச்சிருக்காது.”

“அதுக்காக அவன் பண்ணது சரியாயிடுமா?”

மூன்று முறை விளக்கினேன். மூன்று முறையும் இதே கேள்வி. சுவரில் முட்டிக்கொள்ளலாம்.

கயல்விழி மெல்ல: “சித்தப்பா வேணும்னு போடலப்பா. நாய் குறுக்க வந்துச்சு.”

“நீ சும்மா இரு.”

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கோபம், யார் மேல் என்று தெரியவில்லை.

ஐப்பசி 12, வியாழன்

தூறல். அப்பா மறுபடி வந்தார், மகளோடு. “வேற மிசின்ல எடுத்துப் பாருங்க. உங்க மிசின் பழசு.” மிஷின் போன வருடம் வாங்கியது!

பல்லைக் கடித்துக்கொண்டு விளக்க ஆரம்பித்தபோதுதான் அவர் வாயைக் கவனித்தேன். மேல்வரிசையில் அதே இடத்தில் ஒரு குட்டிப் பல்.

“நீங்க உக்காருங்க. உங்களுக்கு எடுக்கறேன்.”

“எனக்கு எதுக்கு?”

கழுத்துச் சங்கிலியைக் கழற்ற வைத்து எடுத்தேன். படத்தில் தெளிவாக இருந்தது. நாற்பத்தெட்டு வயது மனிதருக்குப் பால்பல். மேலே எலும்பு காலி. இன்னொரு பக்கமும்.

“இது குடும்பத்துல வர்றது. உங்க கிட்டேருந்து வந்திருக்கு.”

திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வராந்தாவுக்குப் போனார். கயல்விழி பயந்துவிட்டாள். “அப்பாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா டாக்டர்?”

எட்டிப் பார்த்தோம். போன் காதில். காத்திருக்கும் நோயாளிகள் எல்லோருக்கும் கேட்கும்படி கத்துகிறார்.

“நான்தான்டா… ஆமா, நான்தான். வடிகாலை எதுக்குடா அடைச்சு வச்சிருக்க? என் வயல்ல நட்ட பயிரெல்லாம் மூழ்குது…”

பல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மன்னிப்பும் இல்லை. என்ன மனிதரோ!

“சித்தப்பாகிட்ட!” கயல்விழி வாயை மூட மறந்து சிரித்தாள். வெளியே சண்டை இருபது நிமிடம் நடந்தது. இருவருமே போனை வைக்கவில்லை.