மஞ்சளில் போகாதது

1971 ஜூன் 13, ஞாயிறு

புவாண்ட்-கிளேர் ஏரியில் இவர் பெரிய கெளுத்தியாகப் பார்த்துப் பிடித்து வந்து, குழம்பும் வைத்துவிட்டார். சினையைத் தனியாக வறுத்து, "பிள்ளத்தாச்சிக்கு நல்லது, சாப்பிடும்மா" என்று என் தட்டில் வைத்தார்.

அந்த ஏரி மீன்களில் பாதரசம் எவ்வளவு என்று பார்ப்பதுதான் ஆய்வகத்தில் என் வேலை. பெரிய மீனில்தான் அதிகம். சொன்னேன்.

"மஞ்சளும் உப்பும் போட்டு மூணு தடவை கழுவினேனே!"

"சதையிலேயே ஊறினதுங்க. கழுவினா போகாது."

முகம் வாடிப்போய் எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினார். அப்புறம் எனக்கு ரசம் வைத்தார். இப்போது என் வயிற்றில் கை வைத்தபடியே தூங்குகிறார், பாவம் மனுஷன்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. நான் தட்டைத் தள்ளிவைத்துவிட்டேன். வயிறு நிறையச் சினையோடு திரிந்த அந்த மீன் எதைத் தள்ளிவைத்திருக்கும்?