எட்டாவது கட்டம்

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
3–9–1938

சேசு மரி சூசை துணை

மனோதத்துவ வாத்தியார் ஸ்ரீகண்டன் ஐயாவுக்கு, காலேஜ் ஹாஸ்டலில் சமையல் செய்த பிரிஜெட் எழுதிக்கொள்வது.

உங்கள் கார்டு வந்தது. மூன்று மாசத்துக்கு முன்பு உங்கள் சோதனைக்காக மனப்பாடம் செய்த வெறும் சத்தங்கள் பன்னிரண்டும் ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்க வரச் சொல்கிறீர்கள். வரமாட்டேன். அதைப் படித்த அன்றுதான் என் வீட்டுக்காரர் ரெமிஜியஸ் மில் வாசலில் மார் அடைத்து விழுந்து செத்தார். முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

நடுவில் யாரோடும் பேசக்கூடாது, பேசினால் முதலிலிருந்து படிக்க வேண்டும் என்றீர்கள். காலையில் அடுப்படியில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். நூப், கேழ், டிவ். "என்னாடி, பேய் ஓட்ற மந்திரமா?" என்று சிரித்தார். நான் முறைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். ஏழு முடிந்து எட்டுக்கு வாயைத் திறக்கும்போது வாசல்படியில் நின்று இன்னும் ஏதோ சொன்னார். திரும்பாமல் கையைக் காட்டி நிறுத்தினேன். போய்விட்டார்.

என்ன சொன்னார் என்று தெரியவில்லை. குரல் காதில் விழுந்தது, பேச்சு விழவில்லை. ஞாபகத்தைப் பற்றிப் படித்தவர் நீங்கள். அதை எடுத்துக் கொடுக்க வழி உண்டா?

பிரிஜெட்


பெங்களூர்
5–9–1938

பிரிஜெட் அம்மாளுக்கு ஸ்ரீகண்டன் நமஸ்காரம்.

தங்கள் கடிதம் பார்த்துத்தான் விஷயம் தெரிந்தது. மிகவும் வருந்துகிறேன்.

கவனம் ஒன்றில் இருக்கும்போது மற்றது மனதில் பதியாமலே போவதுண்டு. சில சமயம் அதே இடத்தில், அதே வேளையில், அதே காரியத்தைத் திரும்பச் செய்தால் விட்டது அகப்படலாம். நிச்சயமில்லை.

இத்துடன் பன்னிரண்டு கட்டம் போட்ட தாள் இருக்கிறது. நினைவில் உள்ளதை எழுதி, மறந்ததைக் காலியாக விட்டு அனுப்பினால் போதும். மறுபடி படித்தால் சோதனை கெட்டுவிடும்; தயவுசெய்து அதை முதலில் எழுதிவிட்டு, பிறகு முயன்று பாருங்கள். அதிகம் படிக்காதவர்களில் இந்தச் சோதனையில் கடைசிவரை இருந்தவர் தாங்கள் ஒருவர்தான்.

ஸ்ரீகண்டன்


ஆஸ்டின் டவுன்
15–9–1938

ஐயாவுக்கு,

தாளை முதலில் எழுதச் சொன்னீர்கள். எழுதவில்லை. உங்களுக்கு உங்கள் தாள் பெரிசு.

எட்டு நாள் அதே அடுப்படியில் உட்கார்ந்து அதையே படித்தேன். நாத்தனார் ஜோசஃபினை வாசல்படியில் நிற்க வைத்து ஏதாவது சொல்லச் சொன்னேன். "சோறு ஆச்சா அண்ணி?" என்றாள். அது நன்றாகக் கேட்கிறது. அவர் சொன்னது கேட்கவில்லை.

"அன்னிக்கித் தூறல்தானே அண்ணி, கொடை கேட்டிருப்பாரு" என்கிறாள். இருக்கலாம். குடை கதவு மூலையிலேயே கிடந்தது. ஆனால் மார் வலிக்கிறது என்று சொல்லியிருந்தால்? அதற்கா நான் கையைக் காட்டினேன்? அதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

அர்த்தமில்லாத பன்னிரண்டு சத்தம் அப்படியே இருக்கிறது. கூட வாழ்ந்த மனுஷன் கடைசியாகச் சொன்னது இல்லை. இத்தனை படித்து என்னதான் கண்டுபிடித்தீர்கள்?

பிரிஜெட்


பெங்களூர்
18–9–1938

அம்மா,

பதியாத ஒன்றைத் திரும்ப எடுத்ததை எந்தச் சோதனையிலும் நான் பார்த்ததில்லை. அகப்படலாம் என்று எழுதியிருக்கக்கூடாது. பேசக்கூடாது என்ற விதியும் நான் போட்டதுதான்.

தாளைப் பற்றி இனிக் கேட்கமாட்டேன்.

ஸ்ரீகண்டன்


ஆஸ்டின் டவுன்
22–9–1938

ஐயாவுக்கு,

தாளை இதோடு வைத்திருக்கிறேன். பதினொன்று எழுதியிருக்கிறேன். எட்டாவது கட்டம் காலி.

அதை மறந்துவிட்டேன் என்று உங்கள் நோட்டில் எழுதவேண்டாம். எனக்கு அது நன்றாகத் தெரியும். அந்த இடத்தில் அவர் பேசினார். அங்கே வேறொன்றை எழுதக் கை வரவில்லை.

இனிமேல் யாரையாவது படிக்க வைத்தால் ஒன்று சொல்லுங்கள். நடுவில் வீட்டில் யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கட்டும். முதலிலிருந்து படித்துக்கொள்ளலாம்.

பிரிஜெட் ரெமிஜியஸ்