பெரிய மிசிக்குத் தினம் ஒரு பிழை

நவம்பர் 6, திங்கள்

காலையிலிருந்து மழை. விரிப்பு ஒன்றும் காயவில்லை. சிராங்கூன் ரோட்டு மாட்டுக் கொட்டகை வாசம் வார்ட்டுக்குள் வரை.

எங்கள் தலைமை நர்ஸ் பெரிய மிசி டோபியைத் திட்டிக்கொண்டிருந்தார். "ஈரச் சீலையைக் கொண்டந்து தந்திட்டு, காய்ஞ்சது எண்டு எனக்கே கதை சொல்லுறியோ? உன்ர..." அதோடு நின்றுவிட்டது. துணி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் சாம்பல். அதுவும் திட்டில் ஒரு பகுதி என்று நினைத்து, மிச்சத்துக்காக டோபி கைகட்டிக் காத்திருந்தான். ஆயா மாரியாயிதான் ஓடி வந்து தாங்கிப் பிடித்தாள்.

வெள்ளைக்கார டாக்டர் துரை வந்தார். நாடி டிராம் வண்டி மாதிரி ஓடுகிறதாம். கேட்ட கேள்விக்கெல்லாம் மாரியாயியே பதில். மிசிக்கு மத்தியானச் சாப்பாடு கிடையாது. தேத்தண்ணீர் நின்றபடி. பாதித் தூக்கத்தில் எழுந்து கட்டில் கட்டிலாகப் பார்வை. மற்ற மிசிகள் மடித்த போர்வை எல்லாவற்றையும் பிரித்து மறுபடி மடிப்பது. பெரிய மிசி அவளை முறைத்தார். வலுவில்லாத முறைப்பு. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

துரையின் உத்தரவு: அடுத்த திங்கள் வரை பின்னறையில் படுக்கை. வார்ட்டில் கால் வைக்கக் கூடாது. வார்ட்டுச் சேதி காதில் விழக் கூடாது. திங்களன்று நாடி அடங்கியிருந்தால் சரி. இல்லையென்றால் கப்பல். யாழ்ப்பாணம், அண்ணன் வீடு. இங்கே வேறு தலைமை நர்ஸ்.

"மச்சாளின்ர கையால சோறு வாங்கித் தின்னவோ? அதுக்கு நான் இஞ்சயே சாகிறன்" என்று பெரிய மிசி தமிழில். துரையிடம் இங்கிலீஷில், "எஸ், டாக்டர்."

அறை வாசலில் காவலுக்கு யார்? காயம் கட்டும் டிரஸ்ஸர் ஞானமுத்து சொன்னார்: "மாரியாயிய வச்சா வார்ட்டே உள்ள போயிரும். லூர்து இருக்கட்டும். அது வாயத் தொறந்து நான் பார்த்ததே இல்ல."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மறைப்புத் திரைக்குப் பின்னால். திரை போதவில்லை.

வீட்டில் சொன்னேன். அப்பா தவிடு கலக்கிக்கொண்டே, "அந்தம்மா போயிட்டா ஒன்ன வேற யாரு வேலைக்கு வச்சுக்குவா? பால் செம்ப எடுத்துக்கிட்டு எங்கூட வா. வாசல்ல நின்னு பாலுன்னு சத்தம் குடுக்கணும், அவ்ளோதான்."

அவ்வளவுதானாம். வாய்விட்டுப் பாடம் ஒப்பிக்க முடியாமல் பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். பேசாத பிள்ளைதான் வேண்டும் என்று என்னை எடுத்துக்கொண்டவர் உலகத்தில் பெரிய மிசி ஒருவர்தான்.

7, செவ்வாய்

வெயில். வாசலில் எனக்குப் போட்ட முக்காலிக்கு ஒரு கால் குட்டை.

வந்தவர்கள்: டோபி, சமையல்காரர், மாரியாயி, மறுபடி மாரியாயி.

சமையல்காரர்: "மிசிகிட்ட கேளு பாப்பா. நாளைக்குப் பருப்பா, கருவாடா?" நான் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "நோயாளிக்குக் கருவாடு ஆகாதுங்கிற. சரி, பருப்பே போடறேன்." போய்விட்டார்.

டோபியும் அப்படியே. நாலு தடவை தலையைச் சொறிந்துவிட்டு, "சரிம்மா, கரியடுப்புப் பக்கத்துல காய வச்சே கொண்டாரேன்" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லையே!

உள்ளேயிருந்து, "ஆர் பிள்ளை அது? என்ன வேணுமாம்?" நான் பதில் சொல்லக் கூடாது. கட்டில் கிறீச்சிட்டது. பிறகு இன்னொரு தடவை கிறீச்சிட்டது.

8, புதன்

தூறல். கஞ்சி கொண்டுபோனேன். பெரிய மிசி மோட்டுவளையைப் பார்த்தபடி படுக்கை.

"வார்ட்டில ஒரு சத்தத்தையும் காணேல்ல. ஆராவது செத்துப் போச்சினமோ?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"அப்ப எல்லாம் ஒழுங்கா நடக்குதோ?"

ஆமாம் என்று தலையாட்டினேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

"நான் இல்லாமலேயோ?" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். கஞ்சி அப்படியே திரும்பி வந்தது.

டிரஸ்ஸர் நாடி பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். படுக்கப் போட்ட பிறகு ஓட்டம் கூடியிருக்கிறதாம். ஆமாம் என்று ஆட்டிய தலையை என்ன செய்வது?

வலது காலில் கொசுக்கடி. சொறிந்து புண்.

9, வியாழன்

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர் படுக்கைக்கே உறை மாற்றினேன். தலையணை உறையின் திறந்த வாய் வாசலைப் பார்க்கக் கூடாது. இந்த வார்ட்டில் முதல் நாள் படிக்கிற பாடமே அதுதான். கஞ்சி நினைப்பில் மறந்து வாசல் பக்கமே வைத்துவிட்டேன்.

பெரிய மிசி எழுந்து உட்கார்ந்தார். தலையணையில் ஆரம்பித்து, என் கை, என் கண், எனக்குப் பாடம் சொன்ன கன்னியாஸ்திரிகள் வரை போனார். "வாசல்ல வாறவன் முதல்ல காணுறது உந்த வாயையோ? விசரே உனக்கு?" தானே தலையணையைத் திருப்பி, இரண்டு தட்டுத் தட்டி, மூலையை இழுத்துவிட்டார்.

துணி அறையில் போய் அழுதேன். மூக்கு சிந்தியது என் முந்தானையில்தான், விரிப்பில் இல்லை.

திரும்பி வந்தால் கஞ்சிக் கோப்பை காலி. "எலுமிச்சங்காய் ஊறுகாய் இருக்கோ பிள்ளை?" விளக்கேற்றும் நேரம் வரை தூக்கம். குறட்டை கூட.

10, வெள்ளி

நல்ல வெயில். யோசித்தேன். துணிந்தேன்.

கட்டில் சக்கரம் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்க வேண்டும். அவர் குளிக்கப் போன நேரம் ஒரே ஒரு சக்கரத்தைத் திருப்பி வைத்தேன்.

திட்டு: நடுத்தரம். குனிந்து தானே சரிசெய்தார். கஞ்சி முழுக்க. ஒரு முட்டையும்.

சாயங்காலம் மருந்துத் தட்டில் கரண்டியை இடது கைப் பக்கம் வைத்தேன். திட்டு: சின்னது, காரம் குறைவு. தூக்கம் நன்று. டிரஸ்ஸர் நாடி பார்த்து, "ஓய்வுன்னா ஓய்வுதான். துரை கெட்டிக்காரர்" என்றார்.

நான் கரண்டியை மாற்றியதை மாரியாயி பார்த்துவிட்டாள். "ஏண்டி, என்னா பண்ற? வேணும்னே பண்றியா?" சொல்லியே தீர வேண்டியதாயிற்று. இந்த மாதத்தில் வார்ட்டில் நான் பேசிய பேச்சு அவ்வளவும் அதுதான். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நானும் ஒண்ணு பண்றேன் லா. ரெண்டு தட்ட ஒடைச்சுப் போடவா?"

வேண்டாம் என்றேன். சின்னதுதான். நோயாளி மேல் படக் கூடாது.

"ம்ம், ம்ம்" என்றாள். அந்த ம்ம் எனக்குப் பிடிக்கவில்லை.

11, சனி

பிடிக்காமல் போனது சரிதான்.

நான் தண்ணீர் குடிக்கப் போன நேரம். மாரியாயி கதவு இடுக்கில் தலையை விட்டு, "மிசி, டிரஸ்ஸர் மருந்து பாட்டில எல்லாம் மாத்தி மாத்தி அடுக்கிட்டாரு. எது எதுன்னே தெரியல!" வெறும் பொய். மருந்தாக இருக்கட்டும் என்று சொன்ன பொய்.

பெரிய மிசி ஒரு காலைத் தரையில் வைத்துவிட்டார். மற்றக் கால் வருவதற்குள் தலை சுற்றி, ஓடி வந்த என் மேல் சாய்ந்தார். உடம்பெல்லாம் வேர்வை. "போத்தில்... போத்தில்..." என்று முனகல். டிரஸ்ஸர் ஒவ்வொரு பாட்டிலாகக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் அடங்கினார். நாடி திங்கட்கிழமை ஓடிய ஓட்டத்துக்கே வந்துவிட்டது.

டிரஸ்ஸர் வெளியில்: "ஆயாவா நீ? எமனுக்கு ஏஜெண்டு!"

மாரியாயி: "சின்னப் புள்ள தலகாணியத் திருப்பினா குணமாவுது. நான் பெரிசாச் சொன்னா இன்னும் நல்லாக் குணமாவும்னு..." அழுதுவிட்டாள் பாவம். நான்தான் மூக்குத் துடைக்கத் துணி கொடுத்தேன்.

புரிந்தது இது. பிழை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும். எழுந்து உட்கார்ந்து தானே தட்டிச் சரிசெய்கிற அளவு. அதற்கு மேல் போனால் மருந்து இல்லை, நோய்.

12, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். மாதாவிடம் ஒரு நல்ல பிழை கேட்டேன். பாவமா என்று தெரியவில்லை. சாமியாரிடம் கேட்க வாய் வராது.

கப்பல் புதன்கிழமையாம். பெட்டியைக் கட்டிலுக்கடியிலிருந்து இழுத்து வைத்திருக்கிறார்கள். பெரிய மிசி அதைப் பார்க்காமல் படுத்திருந்தார். அவர் துவாலையைக் கோணலாக மடித்து வைத்தேன். கை நீட்டினார். பிறகு, "இருக்கட்டும் பிள்ளை" என்று விட்டுவிட்டார்.

அப்பா எனக்கென்று ஒரு சின்னச் செம்பு துலக்கி வைத்திருக்கிறார்.

13, திங்கள்

கொட்டும் மழை.

துரை வருகிறார் என்று விடியற்காலையிலேயே மாரியாயி வார்ட்டைத் தேய்த்துக் கழுவிவிட்டாள், சனிக்கிழமைக்குப் பரிகாரமாக. சக்கரம் எல்லாம் ஒரே பக்கம். தலையணை எல்லாம் ஒழுங்கு. டோபி கொண்டுவந்த விரிப்பில் ஈரமே இல்லை. படுபாவிகள்.

துரை நனைந்து வந்தார். சொட்டுகிற தொப்பியைக் கழற்றி, பக்கத்தில் நின்ற என் கையில் கொடுத்தார், ஆணியில் மாட்டுவது போல. பின்னறைக் கதவைத் திறந்தே வைத்து உட்கார்ந்து, பெரிய மிசி கையைப் பிடித்தார். மறு கையில் கடிகாரம்.

பெரிய மிசியின் கண் கதவு வழியே வார்ட்டு முழுக்கத் தேடியது. திருத்த ஒன்றும் இல்லை. கழுத்து நரம்பு துடித்ததை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். துரையின் முகம் நீண்டுகொண்டே போயிற்று.

கதவுக்கு நேரே நாலாம் கட்டில். கால் முறிந்து கிடந்த தஞ்சோங் பகார் அம்மா நேற்றுத்தான் வீட்டுக்குப் போனார். கட்டில் காலி. வெள்ளை விரிப்பு, சுருக்கம் கிடையாது. கட்டில் மேல் உட்காரவோ, பொருள் வைக்கவோ இந்த வார்ட்டில் யாருக்கும் உரிமை இல்லை.

என் கால் தானாகப் போயிற்று. ஈரத் தொப்பியைக் கட்டிலின் நடுவில் வைத்தேன்.

"ஆரின்ர தொப்பி உது?" பெரிய மிசி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

நான்தான் வைத்தேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. துரை நிமிர்ந்து பார்த்து, தன்னுடையது என்று கையைக் காட்டினார்.

அவ்வளவுதான். கோபம் வந்தால் பெரிய மிசிக்கு இங்கிலீஷ் போய்விடும். "துரையெண்டால் என்ன, துரையின்ர தொப்பிக்கு வருத்தமோ, காய்ச்சலோ படுக்க? மழைத் தண்ணி, தெருப் புழுதி, குதிரை மயிர் எல்லாத்தையும் கொண்டந்து, நோயாளி படுக்கிற இடத்தில... இதுக்கோ சீமையில படிச்சவர்? நாளைக்கு ஆயா கூடையை வைப்பாள், டோபி கழுதையைக் கட்டுவான்!"

துரை டிரஸ்ஸரைப் பார்த்தார். டிரஸ்ஸர் எச்சில் விழுங்கி, இங்கிலீஷில் நாலே சொல். என்னிடம் பிறகு சொன்னார்: "மிசி தொப்பியப் பத்தி விசாரிக்கிறாங்கன்னேன். வேற என்ன சொல்ல? எனக்கும் குடும்பம் இருக்கு."

ஆனால் துரை கையை விடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி பார்த்தார். காதில் வைத்து ஓடுகிறதா என்று கேட்டார். டிரஸ்ஸர் மிசியை அடக்கப் போக, வேண்டாம் என்று சைகை. திட்டு முடியும் வரை உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் எழுந்து போய்த் தானே தொப்பியை எடுத்து, ஈரத்தைத் தன் கைக்குட்டையால் ஒற்றினார். பெரிய மிசி பின்னாலேயே போய் விரிப்பை உருவினார். தலை சுற்றவில்லை.

நாடி அடங்கிவிட்டதாம். கப்பல் இல்லை! நாளையிலிருந்து பாதி நாள் வேலை. மத்தியானம் உட்கார்ந்து சாப்பாடு. பிறகு பின்னறை, சாத்திய கதவு, வாசலில் நான். இதில் மாற்றமில்லையாம்.

எல்லாரும் போன பிறகு பெரிய மிசி கூப்பிட்டார்.

"தொப்பிக்குக் கால் முளைச்சதோ பிள்ளை?"

தரையைப் பார்த்தேன்.

"வெள்ளிக்கிழமையே தெரியும். ஒருக்கால் சொன்னா மறக்கிற ஆளோ நீ? தலகணி மறதி. சக்கரம் மறதியில்லை." தலையணையை ஒரு தட்டுத் தட்டினார். "ஒரு நாளில முழு வார்ட்டையும் திருத்துவன் எண்டு ஓடித் திரிஞ்சன். ஒண்டு எண்டால் உடம்பு தாங்குது. நாளைக்கும் ஒண்டு வை. சின்னதா. எங்கயெண்டு சொல்லாத."

சரி என்றேன். வாய்விட்டு.

"என்ன, தொண்டையில சத்தம் இருக்கே!" என்றார்.

14, செவ்வாய்

வெயில். அப்பா சின்னச் செம்பைக் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்ட எடுத்துக்கொண்டார்.

காலையிலிருந்து யோசனை. தலையணை பழசு. சக்கரம் பழசு. கரண்டி காரமில்லை. தொப்பிக்கு மேல் என்ன இருக்கிறது? பெரிய மிசி சாப்பிட்டு முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு காத்திருக்கிறார். அதோ, ஒரு யோசனையோடு மாரியாயி வருகிறாள்.